எபிடெமிக்: அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஊர்

எபிடெமிக் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, பேண்டெமிக்கும் எண்டெமிக்கும் அதற்கு என்ன உறவு, இவை எல்லாவற்றுக்கும் தமிழில் ‘தொற்றுநோய்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். நான் போட்டு மாட்டிக்கொண்டவன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சுகாதாரத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூலத்தில் ‘டயபடீஸ் எபிடெமிக்’ என்று இருந்தது. கையில் இருந்த அகராதியைப் புரட்டினேன், எபிடெமிக் என்றால் தொற்றுநோய் என்று போட்டிருந்தது, நானும் ‘நீரிழிவு என்னும் தொற்றுநோய்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்த பிறகு அதைப் படித்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, சர்க்கரை நோய் ஒட்டிக்குமா? எங்க வீட்டுக்காரர் குடிச்ச டம்ளர்ல பிள்ளைங்க குடிக்கலாமா, கூடாதா?” ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் ஒரு வீட்டில் டம்ளர் தனியாகப் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லை வேரோடு பிடுங்கிப் பார்க்க உட்கார்ந்தேன்.

இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே விளக்கம்தான் கிடைக்கும். கிரேக்க மொழியில் ‘எபி’ என்றால் மேல், ‘டெமோஸ்’ என்றால் மக்கள், ஆகவே எபிடெமிக் என்றால் மக்கள் மேல் வந்து விழுவது. தப்பில்லை, ஆனால் பாதிதான். டெமோஸ் என்ற சொல் முதலில் குறித்தது மக்களை அல்ல, நிலத்தை. ஒரு கூட்டம் வாழ்கிற நிலப்பகுதி, அப்புறம் அந்தப் பகுதியில் இருக்கிற மக்கள், அதற்கும் அப்புறம்தான் பொதுவாக ‘மக்கள்’. பிரித்துப் பங்கிடுதல் என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரிலிருந்து இது வந்தது என்று மொழியியலார் சொல்வார்கள். பங்காகப் பிரிந்த நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏதென்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள அட்டிக்காப் பகுதியும் 139 டெமோஸ்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன, ஒரு குடிமகனின் பெயரோடு அவனுடைய டெமோஸின் பெயரும் சேர்ந்து வரும். டெமாக்ரசியில் இருக்கிற டெமோவும் இதுதான்.

நிலம், அந்த நிலத்து மக்கள் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கிற இப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதா என்றால், தினமும் வாயில் புழங்குகிற சொல்தான்: ஊர். ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் இடம். ‘ஊர் என்ன சொல்லும்’, ‘ஊரைக் கூட்டாதே’, ‘ஊர் வாயை மூட முடியுமா’ என்றால் ஆட்கள். டெமோஸை ‘மக்கள்’ என்று மொழிபெயர்க்காமல் ‘ஊர்’ என்று மனதுக்குள் போட்டுப் பாருங்கள், இந்தச் சொல் குடும்பம் முழுக்கத் தானாகத் திறந்துகொள்ளும். எபிடெமிக் என்பது ஊர்மேல் வந்து இறங்கியது. எண்டெமிக் என்பதில் இருக்கிற ‘என்’ உள்ளே என்று பொருள்படுவது, ஆகவே ஊருக்குள்ளேயே இருப்பது. பேண்டெமிக்கில் ‘பான்’ என்றால் எல்லாம், ஆகவே ஊர் உலகம் மொத்தமும்.

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சொல்லுக்கு முதலில் நோயோடு ஒரு தொடர்பும் கிடையாது. பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஏதீனா தேவி வேற்று ஆள் வேடத்தில், நாயகன் ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸின் வீட்டுக்கு வருகிறாள். எதற்கு வந்தேன் தெரியுமா என்று அவள் சொல்கிற இடத்தின் கருத்து இதுதான்: உன் அப்பா ஊரில் இருக்கிறார் என்று சொன்னார்கள், அதனால்தான் வந்தேன். அந்த ‘ஊரில் இருக்கிறார்’ என்பதற்கு அங்கே இருக்கிற சொல் ‘எபிடெமியோஸ்’. ‘சார் ஊர்லதான் இருக்காரா?’ என்று நாம் போனில் கேட்கிறோமே, அச்சு அசலாக அதுதான். ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் நெஸ்டர் என்ற கிழவர் உள்நாட்டுச் சண்டையைப் பற்றிப் பேசும்போது அதை எபிடெமியோஸ் போர் என்கிறார், அதாவது சொந்த ஊருக்குள் நடக்கிற போர். அதே காவியத்தின் கடைசியில் பிரியாம் அரசன் உருப்படாத பிள்ளைகளைத் திட்டுகிறான், சொந்த ஊர்க்காரனின் ஆட்டுக்குட்டிகளையே கொள்ளையடிக்கிற பயல்கள் என்று. ‘எபிடெமியோஸ் கொள்ளைக்காரர்கள்’. இந்தக் கொள்ளையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இதில் இன்னொரு விசித்திரம், இலியட் தொடங்குவதே ஒரு கொள்ளைநோயோடுதான். அப்பல்லோ என்ற கடவுள் அம்பு எய்கிறான், கிரேக்கப் படையின் முகாமில் ஆட்கள் விழுகிறார்கள், பிணங்கள் எரிகின்றன. அந்த நோயைக் குறிக்க அங்கே வருகிற சொற்கள் நூசோஸ், லோய்மோஸ் என்பவை. எபிடெமிக் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே அதை நோய்க்குப் பயன்படுத்தத் தோன்றவில்லை ஹோமருக்கு.

அதை நோய்ப்பக்கம் இழுத்து வந்தவர்கள் ஹிப்போகிராட்டஸ் என்ற பண்டைய கிரேக்க மருத்துவரின் வழி வந்த மருத்துவர்கள். அவர் பெயரில் இருக்கிற தொகுப்பில் ‘எபிடெமியாய்’ என்ற தலைப்பில் ஏழு நூல்கள் உண்டு. அவற்றில் ஒன்றாவதும் மூன்றாவதும் மிகப் பழையவை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டவை என்பது பொதுவான கருத்து. தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ பிளேக், காலரா பற்றிய புத்தகம் என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஊரில் இந்த வருடம் மழை எப்படி, காற்று எந்தப் பக்கம், கோடை எப்படிக் காய்ந்தது, அப்போது ஆட்களுக்கு என்னென்ன வந்தது, இன்னார் எந்த நாளில் படுத்தார், எந்த நாளில் எழுந்தார் அல்லது செத்தார் என்று நாட்குறிப்பு மாதிரி போகும். அந்தக் காலத்தில் ‘எபிடெமெயின்’ என்ற வினைச்சொல்லுக்கு ஓர் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் தங்குதல் என்று பொருள். மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய்த் தங்கி வைத்தியம் பார்த்தவர்கள். ஆகவே ‘எபிடெமியாய்’ என்பது மருத்துவர் ஊர்களில் வந்து தங்கிய நாட்களா, நோய் ஊர்களில் வந்து தங்கிய நாட்களா என்பதில் அறிஞர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும்தான், நோய் விருந்தாளி மாதிரி வந்து டேரா போடுகிறது, பின்னாலேயே மருத்துவரும் வந்து டேரா போடுகிறார்.

முதல் நூலின் தொடக்கத்தில் தாசோஸ் என்ற தீவைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் வீக்கம், சிலருக்கு ஒரு பக்கம், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பக்கமும். காய்ச்சல் அதிகம் இல்லை, படுக்கையில் விழும் அளவுக்கு யாருக்கும் மோசமாகவில்லை, சீழ் பிடிக்காமல் தானாகவே வடிந்துவிட்டது. வந்தது பெரும்பாலும் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும், அதிலும் மல்யுத்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களுக்கு, பெண்களுக்குக் குறைவு. நிறையப் பேருக்கு வறட்டு இருமல், தொண்டை கம்மிப் போனது. கொஞ்ச நாள் கழித்துச் சிலருக்கு விதைப்பையில் வலியோடு வீக்கம். படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், இது பொன்னுக்குவீங்கி, மம்ப்ஸ். 2,400 வருடத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கிடையாது, வைரஸ் என்ற எண்ணமே கிடையாது, ஆனாலும் இன்றைய மருத்துவ மாணவர் படித்தால் உடனே பெயர் சொல்லிவிடுவார்.

அதே நூலில் பிலிஸ்கஸ் என்று ஒருவர் வருகிறார். மதில் பக்கத்தில் வீடு. முதல் நாளே கடும் காய்ச்சலோடு படுத்தார், சிறுநீர் கறுத்துப் போனது, கை கால் சில்லிட்டது, மூச்சு, ஏதோ நினைவுபடுத்திக்கொள்கிறவர் விடுவதைப் போல விட்டு விட்டு நீளமாக வந்தது, ஆறாம் நாள் நடுப்பகலில் இறந்துபோனார். அவ்வளவுதான் குறிப்பு. வைத்தியர் தன் பெருமையைப் பேசவில்லை, சமாதானம் சொல்லவில்லை. ஒன்றாவது, மூன்றாவது நூல்களில் இப்படி 42 நோயாளிகளின் கதை இருக்கிறது, அதில் 25 பேர் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் தோற்றுப்போனதை மறைக்காமல் எழுதி வைத்த மருத்துவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரும்.

சரி, இப்போது முக்கியமான இடம். தாசோஸ் குறிப்பில் மல்யுத்தக் கூடத்துப் பையன்கள் என்று அவ்வளவு துல்லியமாக எழுதியவர், அவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டதால்தான் வந்தது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருக்குக் காரணம் காற்று, பருவம், தண்ணீர், ஊர் இருக்கிற திசை. ஒரே ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் ஒரே நோய் வந்தால், அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அவர்கள் சுவாசிக்கிற காற்றுதானே என்பது அவர்களுடைய வாதம். யோசித்துப் பார்த்தால் மோசமான வாதமும் அல்ல. எபிடெமிக் என்ற மருத்துவச் சொல் பிறந்ததே, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் என்ற எண்ணம் மருத்துவர்களின் கணக்கில் இல்லாத இடத்தில்தான். அதற்குள் ‘தொற்று’ என்ற பொருளைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒட்டும் என்பதைப் பார்த்தவர் அந்தக் காலத்தில் ஒரு வரலாற்றாசிரியர். கி.மு. 430-ல் ஏதென்ஸைத் தாக்கிய நோயை எழுதிய தூசிடிடிஸ். அவரே அந்த நோய் வந்து பிழைத்தவர். மருத்துவர்கள்தான் அதிகம் செத்தார்கள், ஏனென்றால் அவர்கள்தான் நோயாளிகளிடம் அதிகம் போனார்கள் என்று எழுதியிருக்கிறார். ஒருமுறை வந்து தப்பியவர்களை அது இரண்டாம் முறை உயிர் போகும் அளவுக்குத் தாக்கவில்லை, ஆகவே அவர்கள் பயமில்லாமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாளில் படைத்தலைவரான இந்த வரலாற்றாசிரியர் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுதலைச் சொல்கிற சொற்கள் வந்தது வேறு குடும்பத்திலிருந்து, லத்தீனிலிருந்து. கன்டேஜன் என்பதில் இருப்பது தொடுதல் என்ற வினைச்சொல், ‘சேர்ந்து தொடுதல்’. இன்ஃபெக்‌ஷன் இன்னும் அழகு: அதன் மூலவினைக்குத் தோய்த்தல், சாயம் ஏற்றுதல், கறைபடுத்துதல் என்று பொருள். வெள்ளைத் துணியைச் சாயத்தொட்டியில் ஒரு மூலை மட்டும் நனைத்துவிட்டுப் பாருங்கள், நீங்கள் ஒன்றும் செய்யாமலே சாயம் நூல் நூலாக மேலே ஏறும். அப்படி உடம்புக்குள் ஊறி நிறம் மாற்றுவதுதான் இன்ஃபெக்‌ஷன். அப்புறம் 1546-ல் வெரோனாவைச் சேர்ந்த மருத்துவர் ஜிரோலாமோ ஃப்ராகஸ்தோரோ, நோய் மூன்று வழியில் தாவும் என்று எழுதினார்: நேரடியாகத் தொட்டால், தொட்ட பொருள்கள் வழியாக, தூரத்திலிருந்தே. அந்தப் பொருள்களுக்கு, துணி, மரம் மாதிரியானவற்றுக்கு, அவர் வைத்த பெயர் ‘ஃபோமெஸ்’. லத்தீனில் அதற்குத் தீமூட்டும் சருகு என்று பொருள். தீப்பொறியைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கிற பஞ்சு மாதிரி, நோயை மறைத்து வைத்திருக்கிற துணி. 2020-ல் பால் பாக்கெட்டைக் கூடச் சோப்புப் போட்டுக் கழுவினோமே, அப்போது மருத்துவர்கள் பேசிய ‘ஃபோமைட்’ இதே சருகுதான்.

ஆக நோய் பரவுவதைப் பற்றிப் பேச இரண்டு வகைச் சொற்கள். தொடுவது, தோய்வது, பற்றுவது என்று ஒரு வகை, அவை நோய் எப்படித் தாவுகிறது என்று சொல்கின்றன. எபிடெமிக், எண்டெமிக், பேண்டெமிக் இன்னொரு வகை, அவை எந்த ஊரில், எத்தனை பேரிடம், எவ்வளவு நாளாக என்று சொல்கின்றன. இந்த இரண்டையும் குழப்பியதுதான் என் துண்டறிக்கையின் கதை.

கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1603-ல் தாமஸ் லாட்ஜ் என்ற மருத்துவர் பிளேக் பற்றி எழுதிய நூலில் எபிடெமிக்கைப் பார்க்கலாம். பேண்டெமிக்கின் கதை இன்னும் வேடிக்கை. பண்டைய ஏதென்ஸில் அஃப்ரொடைட்டி தேவிக்கு ‘பாண்டெமோஸ்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, ஊருக்கெல்லாம் பொதுவானவள் என்று பொருள். 1666-ல் கிடியன் ஹார்வி என்ற மருத்துவர் பேண்டெமிக்கை ஆங்கிலத்தில் எழுதும்போது எண்டெமிக்குக்கு இன்னொரு பெயர் மாதிரிதான் எழுதினார், ஒரு நாட்டில் பரவலாகக் குடியிருக்கிற நோய் என்று. இன்றைக்கு ஒருவர் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் திருத்துகிறோம், 350 வருடத்துக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எபிடெமியாலஜி என்ற துறைப்பெயர் இன்னும் பிந்தியது, 1802-ல் ஹோக்கின் தெ வில்லால்பா என்ற ஸ்பானிய மருத்துவர் மாட்ரிட்டில் வெளியிட்ட நூலின் தலைப்பில் அது இருக்கிறது.

ஊர் என்ற எண்ணம் இந்தத் துறைக்கு எவ்வளவு அடிப்படை என்பதற்கு 1854 லண்டன் காலராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவின் அடிபம்புத் தண்ணீரால்தான் காலரா வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டுபிடித்து, பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை பலருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதில் வருகிற ஒரு விதவைப் பெண்மணி. அவர் குடியிருந்தது அந்தத் தெருவிலிருந்து தள்ளி, ஹாம்ப்ஸ்டெட்டில், அங்கே காலராவே இல்லை. ஆனால் அவர் காலராவில் இறந்துபோனார். ஸ்னோ விசாரித்தபோது, அந்த அம்மா முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தவர் என்று தெரிந்தது. அவரைப் பார்க்க இஸ்லிங்டனிலிருந்து வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிய உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். விலாசப்படி அவர் ஹாம்ப்ஸ்டெட், நோய்ப்படி அவர் ஊர் பிராட் ஸ்ட்ரீட். டெமோஸ் எது என்று சரியாகக் கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி வேலை, அன்றைக்கும் இன்றைக்கும்.

இன்றைய வரையறைக்கு வருகிறேன். ஒரு பகுதியில், ஒரு காலத்தில், வழக்கமாக எதிர்பார்க்கிற எண்ணிக்கையைவிடத் தெளிவாக அதிகமாக ஒரு நோய் தென்பட்டால் அது எபிடெமிக். இதில் உயிர்நாடி ‘எதிர்பார்க்கிற’ என்ற சொல். ஓர் இடத்தில் ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் 200 பேருக்கு ஒரு காய்ச்சல் வருவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் 210 வந்தால் அது எபிடெமிக் ஆகாது. இன்னோர் இடத்தில் வழக்கமாக இரண்டு பேர், இந்த வருடம் 25 பேர் என்றால் அங்கே எபிடெமிக். 210 பெரியதா 25 பெரியதா என்பது கேள்வியே அல்ல. போலியோ ஒழிந்த நாட்டில் ஒரே ஒரு குழந்தைக்கு வந்தால் போதும், எதிர்பார்ப்பு பூஜ்யம் என்பதால் அந்த ஒன்றையே நோய் வெடிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே நிறையப் பேர் செத்தால் எபிடெமிக், கொஞ்சம் பேர் என்றால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தென்பட்டால் அதற்கு ஸ்போராடிக் என்று பெயர். அதுவும் கிரேக்கம்தான், சிதறியது, விதைத்தது என்று பொருள், புலம்பெயர்ந்தோரைச் சொல்கிற டயஸ்போராவும் அதே வேர்.

எண்டெமிக்தான் அதிகம் அடிபட்ட சொல். 2022 வாக்கில் கோவிட் எண்டெமிக் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எண்டெமிக் என்றால் சாதுவாகிவிட்டது என்று ஓர் அர்த்தம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஊருக்குள் குடியேறிவிட்டது, போகிற எண்ணம் இல்லை, ஏறக்குறைய கணிக்கக்கூடிய அளவில் இருந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். மலேரியா பல நாடுகளில் எண்டெமிக், அது 2023-ல் மட்டும் சுமார் 6 லட்சம் பேரைக் கொன்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காசநோயும் அப்படித்தான், அதே வருடத்தில் சுமார் 12.5 லட்சம். பெரியம்மையும் ஒழிக்கப்படும் வரை பல நூற்றாண்டுகள் எண்டெமிக்காகத்தான் இருந்தது. வீட்டுக்குள் குடியேறிய பாம்பு புதிதாக வந்த பாம்பைவிடச் சாது என்று யாரும் சொல்வதில்லையே. இதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. நல்ல நாடு எது என்று சொல்லும்போது வள்ளுவர் ‘ஓவாப் பிணி’ சேராத நாடு என்கிறார், விட்டு ஒழியாத நோய். அவர் சொன்னது எண்டெமிக்கைத்தான் என்று நான் அடித்துப் பேசமாட்டேன், ஆனால் சொல் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம்.

பேண்டெமிக்கில் இருக்கிற குழப்பம் வேறு. அது கடுமையைச் சொல்கிற சொல் அல்ல, பரப்பைச் சொல்கிற சொல். பல நாடுகளைத் தாண்டி, மிகப் பரந்த பகுதியில் நடக்கிற எபிடெமிக், அவ்வளவே. 2009 ஜூன் 11-ல் பன்றிக் காய்ச்சலை உலக சுகாதார நிறுவனம் பேண்டெமிக் என்று அறிவித்தது. பயந்த அளவுக்கு உயிர்ச்சேதம் இல்லை என்றதும், சும்மா பயமுறுத்திவிட்டார்கள் என்று கூச்சல் கிளம்பியது. கோவிடுக்கு 2020 மார்ச் 11-ல் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஆனால் சட்டப்படி மணி அடித்தது அதற்கும் முன்னால், ஜனவரி 30-லேயே, சர்வதேச அக்கறைக்குரிய பொதுச் சுகாதார அவசரநிலை என்ற வாயில் நுழையாத ஒரு பெயரில். அந்தப் பெயர் யார் காதிலும் விழவில்லை, பேண்டெமிக் என்ற ஒற்றைச் சொல் விழுந்ததும்தான் உலகம் எழுந்து உட்கார்ந்தது. 2024-ல் சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தியபோது ‘பேண்டெமிக் அவசரநிலை’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். படித்த பாடம் என்றுதான் நினைக்கிறேன்.

இனி தமிழ்ச் சொற்கள். ‘தொற்று’ என்பது பற்றிக்கொண்டு ஏறுவது, பேச்சில் தொத்து. ஓடுகிற பஸ்ஸில் தொத்திக்கொள்கிறோம், ஒருவர் பதற்றம் இன்னொருவரைத் தொற்றிக்கொள்கிறது. கன்டேஜனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘ஒட்டுவாரொட்டி’ என்று பழைய சொல் ஒன்று உண்டு, ஒட்டுகிறவர்களையெல்லாம் ஒட்டுவது. சொல்லிப் பார்த்தாலே நாக்கில் ஒட்டும். இரண்டும் எப்படித் தாவுகிறது என்பதைச் சொல்கிற சொற்கள்.

எபிடெமிக்குக்கு நம் முன்னோர் வைத்த சொல் ‘கொள்ளைநோய்’. கொள் என்ற வேர், எடுத்துக்கொள்ளுதல். ‘கொள்ளை அழகு’, ‘கொள்ளை ஆசை’ என்கிறபோது மிகுதி, வீட்டில் கொள்ளை போனது என்கிறபோது பறிப்பு, இரண்டும் இந்த நோய்க்குப் பொருந்தும்: மிகுதியாக வருகிறது, ஊரைப் பறித்துக்கொண்டு போகிறது. தனியாகக் ‘கொள்ளை’ என்றாலே அந்த நோய்தான், ‘கொள்ளையில போவான்’ என்ற வசவில் இருப்பது திருட்டு அல்ல, அதுதான். இப்போது பிரியாம் திட்டியதை நினைத்துப் பாருங்கள், எபிடெமியோஸ் கொள்ளைக்காரர்கள். இரண்டு மொழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல், ஆனாலும் முதல்முறை கவனித்தபோது எனக்குப் புல்லரித்தது. ‘பெருவாரி’ என்பது இன்னொரு சொல், பெருவாரிக் காய்ச்சல், பெருவாரி நோய். பெருமளவில் வாரிக்கொண்டு போவது. இன்றைக்கு அது ‘பெருவாரியான வாக்கு வித்தியாசம்’ என்று தேர்தல் செய்தியில் மட்டும் உயிரோடு இருக்கிறது, அது பாவம்.

கொள்ளை, பெருவாரி இரண்டிலும் ஒட்டுதல் பற்றிப் பேச்சே இல்லை என்பதைப் பாருங்கள். எண்ணிக்கையும் ஊரும்தான். அதனால்தான் அவை எபிடெமிக்கோடு நன்றாகப் பொருந்துகின்றன. 2020-ல் பேண்டெமிக்குக்குப் ‘பெருந்தொற்று’ என்ற சொல் பரவலாகி நிலைத்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கோவிட் தொற்றுகிற நோய் என்பதால் அந்த இடத்தில் தப்பும் இல்லை. ஆனால் எபிடெமிக் எல்லாம் தொற்றாது. அதற்குப் பெயரிலேயே சாட்சி உண்டு, ‘எபிடெமிக் டிராப்சி’ என்று ஒரு நோய், கால் வீங்கும், இதயம் தளரும். கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் வருவது. 1998-ல் டெல்லியில் வந்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமியே இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகவும் போகாது, ஒரே எண்ணெயை வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே டெமோஸ். இதைத் தொற்று என்று மொழிபெயர்த்தால் எண்ணெயை விட்டுவிட்டு நோயாளியைத் தள்ளிவைப்போம்.

தலைகீழாகவும் உண்டு. டெட்டனஸ் கிருமியால் வருவது, உள்ளே புகுந்துவிட்டால் இன்ஃபெக்‌ஷன்தான், ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டாது. டெங்கு வைரஸால் வருவது, கொசு இல்லாமல் கைகுலுக்கினால் வராது, ஆனாலும் மழைக்காலத்தில் கொள்ளைநோயாகக் கிளம்பும். ஆக ஒரு நோய் கிருமியால் வருகிறதா, ஆளுக்கு ஆள் ஒட்டுகிறதா, வழக்கத்தைவிட அதிகமாகியிருக்கிறதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ‘தொற்றுநோய்’ என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் போட்டால் படிக்கிறவர் எதற்கு பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் முழிப்பார்.

ஒரு சின்னக் கொசுறு. டெமோஸ் என்றால் மனிதர்கள் வாழும் ஊர் என்பதால், ஆடு மாடு, கோழிகளிடம் பரவுகிற நோய்க்கு எபிடெமிக் என்று சொல்வது சரியில்லை என்று கறாரான கால்நடை மருத்துவர்கள் திருத்துவார்கள். அவர்களுக்கு எபிசூட்டிக் என்று தனிச்சொல் இருக்கிறது, விலங்கைக் குறிக்கிற ‘சூவோன்’ சேர்ந்தது. பயிருக்கு எபிஃபைட்டோட்டிக். நம் ‘கொள்ளைநோய்’க்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, அது ஆள், ஆடு பார்க்காது.

நீங்கள் எழுதும்போது என்ன போடலாம் என்றால், என் வழக்கம் இது: ஆளுக்கு ஆள் ஒட்டுவது என்றால் தொற்றுநோய், வழக்கத்தைவிட அதிகமாகக் கிளம்பினால் கொள்ளைநோய், உலகம் முழுக்கப் போனால் பெருங்கொள்ளைநோய் என்று எழுத ஆசை, ஆனால் பெருந்தொற்று வேரூன்றிவிட்டது, இனி அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. எண்டெமிக்குக்கு ‘ஊரில் நிலைகொண்ட நோய்’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

அந்தத் துண்டறிக்கையைத் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். ‘நீரிழிவு பெருவாரியாகப் பரவி வருகிறது’ என்று முதலில் மாற்றினேன், அப்புறம் ‘பரவி’ என்பதிலும் டம்ளர் ஞாபகம் வந்து, ‘நீரிழிவு உள்ளவர்கள் பெருவாரியாகப் பெருகி வருகிறார்கள்’ என்று போட்டேன். அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “இப்ப சரி” என்றார்.